வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் இருந்து ரேஸ் டிராக்குக்கு: முதல் காரைத் தேர்ந்தெடுப்பதும் தயார் செய்வதும்

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் என எந்த வழியாகப் பாலக்காட்டில் இருந்து தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நிஜமான ரேஸ் டிராக் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். நாடு முழுக்கத் தேடினாலும் நிரந்தர ரேஸ் டிராக்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தூரத்து ஊர்க்காரர்கள் ராத்திரி முழுக்க ஓட்டி வந்து கலந்துகொள்ளும் டிராக் டேக்கு (சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்), கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் நாம் காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் போதும். இந்த வசதி வாய்த்தும், நம் பக்கத்துப் பையன்கள் பலர் வேகத்தை மலம்புழா ரோட்டிலும் பொள்ளாச்சி நேர்ரோட்டிலும்தான் காட்டுகிறார்கள். அந்த ஆசையை டிராக்குக்குக் கூட்டிக்கொண்டு போக என்ன செய்ய வேண்டும், எந்தக் காரை வாங்க வேண்டும், அதில் எதை மாற்ற வேண்டும் என்பதை முதல் தடவை போகிறவருக்காக எழுதுகிறேன்.

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். கோவை கரிவர்தனின் நினைவாக வைத்த பெயர் அது. மாருதி 800 எஞ்சினைப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டியவர் அவர். 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். அந்த ஃபார்முலா மாருதியில் பந்தயத்தைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன்தான் 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர். நாற்பது குதிரைத்திறன் சுமாருக்கு உள்ள எஞ்சினில் தொடங்கியவர் அங்கே போனார் என்பதை மனதில் வையுங்கள். காரைத் தேர்ந்தெடுக்கும்போது அது உதவும்.

கருமத்தம்பட்டிப் பக்கம் கோஸ்ட் என்ற 3.8 கிலோமீட்டர் டிராக் பின்னால் வந்தது. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் சர்க்யூட் இருக்கிறது. முதல் தடவைக்கு நான் சொல்வது செட்டிபாளையம்தான். சுற்று சிறியது, சீக்கிரம் மனப்பாடமாகும், கார் மக்கர் பண்ணினாலும் வீடு பக்கம்.

டிராக் டே என்பது பந்தயம் இல்லை. பணம் கட்டிப் பெயர் கொடுத்தவர்களை அனுபவத்துக்கு ஏற்பப் பிரித்து, பதினைந்து இருபது நிமிடம் கொண்ட ஓட்டங்களாக உள்ளே விடுவார்கள். முன்னால் போகிறவர் கையைக் காட்டினால்தான் முந்தலாம், அதுவும் நேர்ப்பகுதியில் மட்டும். பரிசு கிடையாது, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. பந்தயத்துக்குத் தேவையான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) உரிமம் இதற்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. சாதாரண டிரைவிங் லைசென்ஸ் போதும். ஏற்பாட்டாளருக்கு ஏற்பாட்டாளர் விதி மாறும் என்பதால், பெயர் கொடுக்கும்போதே விதித்தாளை வாங்கி முழுதாகப் படித்துவிடுங்கள்.

எந்தக் கார்

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் மனசு போர்ஷேக்கும் பி.எம்.டபிள்யூ.வுக்கும் தாவும். அதை வாங்க வசதி உள்ளவர் வாங்கட்டும். ஆனால் முதல் வருடம் அதை டிராக்கில் ஓட்டிக் கற்றுக்கொள்வதைவிட, ஏறத்தாழ ஒரு டன் எடை உள்ள கியர் வண்டி ஒன்றில் கற்றுக்கொள்வதே லாபம். சக்தி அதிகமான கார் உங்கள் தவறுகளை நேர்ப்பகுதியில் மறைத்துவிடும். சக்தி குறைந்த காரில், வளைவில் நீங்கள் விட்ட வேகம் நேர்ப்பகுதி முடியும் வரைக்கும் திரும்பக் கிடைக்காது. தவறு எங்கே என்று அதுவே சொல்லிக்கொடுக்கும்.

எடையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் செலவு. கனமான கார் டயரையும் பிரேக் பேடையும் தின்றுவிடும். ஒன்றரை டன் சொகுசு செடானுக்கு ஒரு நாளில் ஆகும் தேய்மானம் ஸ்விஃப்டுக்குப் பல நாள் வரும்.

என் பட்டியலில் முதலில் நிற்பது பழைய மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல், முக்கியமாக 2005-இல் வந்த முதல் தலைமுறை 1.3. எடை ஏறத்தாழ ஒரு டன், ஸ்டியரிங் பேசும், எந்த மூலையில் உள்ள கடையிலும் பாகம் கிடைக்கும், மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார்கள். இரண்டாவது ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 பெட்ரோல். நூறு குதிரைத்திறன், அந்த விலைக்கு நம்ப முடியாத அளவுக்கு நல்ல சஸ்பென்ஷன். ஆனால் ஃபோர்டு 2021-இல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது; பாகம் தேடி அலையும் பொறுமை உள்ளவருக்குத்தான் அது. ஃபோக்ஸ்வாகன் போலோ கட்டுமானத்தில் உறுதியான வண்டி, இந்தியாவில் 2010 முதல் அதற்கென்றே தனிப் பந்தயமும் நடந்தது. வாங்கினால் கியர் போடும் போலோவாக வாங்குங்கள். ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் வந்த டி.எஸ்.ஜி. என்ற ஏழு கியர் தானியங்கிப் பெட்டி, உலர் கிளட்ச் வகை. ரோட்டில் அருமையாக இருக்கும், டிராக்கில் சூடேறித் தகராறு பண்ணும். புதிதாக வாங்குகிறவருக்கு ஹுண்டாய் ஐ20 என் லைன் நல்ல வண்டி, 120 குதிரைத்திறன். பழைய ஹோண்டா சிட்டி விடெக் மேல் எனக்குத் தனி ஆசை உண்டு. இன்று நல்ல நிலையில் ஒன்று கிடைப்பதுதான் கஷ்டம்.

டீசல் வேண்டாம். முன்பக்க எடை கூடுதல், எஞ்சின் சுற்றும் வேகம் குறைவு.

இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர் மோட்டார் பாலிசிகளில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை முதலியவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று அதில் அச்சடித்திருப்பார்கள். டிராக்கில் தடுப்பில் மோதினால் செலவு உங்களுடையது. ஆகவே வாங்கும் முன் உங்களையே கேளுங்கள்: இந்தக் கார் நாளைக்கு நொறுங்கிப்போனால் என் குடும்பம் தடுமாறாமல் இருக்குமா? பதில் ‘ஆமாம்’ என்று வந்தால்தான் அது உங்கள் டிராக் கார். வங்கிக் கடன் பாக்கி உள்ள காரை, வீட்டுக்கே ஒன்றாக இருக்கும் காரைக் கொண்டுபோக வேண்டாம்.

பணத்தைப் பிரிக்கும் விதமும் முக்கியம். கையில் நாலு லட்சம் இருந்தால் இரண்டரைக்கு மேல் காருக்குப் போடாதீர்கள். மீதி பிரேக், டயர், ஹெல்மெட், டிராக் கட்டணம் என்று காத்திருக்கிறது.

பழைய வண்டி பார்க்கும்போது

நம் பக்கம் பழைய கார் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் எத்தனையோ கார்கள் முழுகின. அவற்றில் பல சுத்தம் செய்யப்பட்டு, பாலிஷ் போடப்பட்டு, கை மாறி எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளியே பளபளவென்று இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், சுருளில் எப்போதும் உள்ளேயே இருக்கும் பகுதி வெளியே வரும் வரைக்கும். அதில் மங்கலான பழுப்புக் கோடு இருந்தால் தண்ணீர் காருக்குள் நின்றிருக்கிறது. யாரும் பெல்ட்டைப் பிரித்துத் துவைப்பதில்லை, அதனால் அந்தக் கோடு பொய் சொல்லாது. அப்புறம் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் விரல் வைத்துத் தேய்த்தால் வண்டல் ஒட்டும். இப்படி ஒன்று தெரிந்தாலும், விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள். ஏ.பி.எஸ். ஒயரிங் பச்சை பூத்துப்போன காரை டிராக்கில் பிரேக் பிடிக்க நம்ப முடியாது.

கடலோர வண்டிகளை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். உப்புக்காற்று பிரேக் பைப்பையும் சஸ்பென்ஷன் ஆர்மையும் அரித்திருக்கும்.

கோவையில் தமிழ்நாட்டுப் பதிவு வண்டி மலிவாகக் கிடைத்தால் கணக்கைச் சேர்த்துப் போடுங்கள். அங்கிருந்து படிவம் 28-இல் என்.ஓ.சி. வாங்க வேண்டும், பெயர் மாற்ற 29, 30 படிவங்கள், அப்புறம் கேரள வரி. வேறு மாநிலப் பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் மறுபதிவு செய்தாக வேண்டும். பாதி உறவு அந்தப் பக்கம் இருக்கிற நமக்கு ‘மாமா வீட்டு அட்ரஸில் இருக்கட்டுமே’ என்று தோன்றும். எல்லையில் தினமும் ஓடும் வண்டி கண்ணில் படாமல் போகாது. வாங்கும்போதே முறையாக மாற்றிவிடுங்கள்.

எதை மாற்றக் கூடாது

கேரள மோட்டார் வாகனத் துறை மாற்றம் செய்த வண்டிகள் விஷயத்தில் கறாரானது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்துத்தான் பிடிக்கிறார்கள். தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன தீர்ப்பும் கேரளத்தில் இருந்து போன வழக்கில் வந்ததே. சத்தமிடும் சைலன்சர், வெளியே நீட்டிய அகல வீல், தரையைத் தொடும் அளவுக்கு வெட்டிய ஸ்பிரிங், கூண்டுக்கம்பி (ரோல் கேஜ்) இவற்றோடு பொது ரோட்டில் போனால் அபராதத்தோடு நிற்காது, ஆர்.சி.க்கே வில்லங்கம் வரலாம்.

நல்ல செய்தி என்னவென்றால், புதியவருக்கு இதில் எதுவும் தேவையே இல்லை. வெட்டிய ஸ்பிரிங் காரைக் கெடுக்கும், சைலன்சர் வேகம் தராது. கூண்டுக்கம்பியைச் சாதாரண ரோட்டுக் காரில் வைத்தால், ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும் நாளில் அது மண்டையை உடைக்கும். நாலு முனைப் பெல்ட்டை மட்டும் வாங்கிக் கம்பெனி சீட்டில் மாட்டுவதும் ஆபத்து. மோதும்போது உடம்பு கீழ்ப்பெல்ட்டுக்கு அடியில் வழுக்கும், கார் கவிழ்ந்தால் குனிந்து தப்பவும் வழியிருக்காது. கம்பெனி கொடுத்த மூன்று முனைப் பெல்ட்டும் ஏர்பேக்கும் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யும்படி சோதித்தவை. அவற்றை அப்படியே விடுங்கள். எஞ்சின் கணினியை மாற்றிச் சக்தி கூட்டும் ரீமேப்பையும் ஒரு வருடம் மறந்துவிடுங்கள்.

வெளியே இருந்து பார்த்தால் சாதாரணக் காராகவும், உள்ளே பிரேக்கும் டயரும் எண்ணெய்களும் முதல் தரமாகவும் இருக்கும் வண்டிதான் நல்ல டிராக் கார்.

பிரேக்: பணத்தை இங்கே போடுங்கள்

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 60-இல் இருந்து நிற்பதற்குப் பிரேக் உறிஞ்சும் வெப்பத்தைப்போல மூன்று மடங்கு, 120-இல் இருந்து 60-க்குக் குறைக்கும்போதே பிறக்கிறது. ரோட்டில் இப்படி ஒரு பிரேக் பிடித்தால் அப்புறம் ஐந்து நிமிடம் காற்று வாங்கும். டிராக்கில் ஒரு சுற்றே இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது. அதற்குள் பல முறை அழுத்தமான பிரேக். ஆற நேரமே இல்லை. அந்த வெப்பம் டிஸ்க்கில் இருந்து பேடுக்கும், பேடில் இருந்து பிஸ்டன் வழியாகப் பிரேக் ஆயிலுக்கும் இறங்குகிறது.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 155-க்கு இறங்குகிறது. இடவப்பாதி தொடங்கித் துலாவர்ஷம் வரை நனைந்துகொண்டே இருக்கும் நம் ஊரில், இரண்டு மூன்று வருடம் மாற்றாத ஆயில் என்ன நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆயில் கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழ். குமிழ் நசுங்கும், அதனால் பெடல் தரை வரைக்கும் போகும், கார் நிற்காது.

ஆகவே முதல் வேலை ஆயில் மாற்றுவது. டாட் 4 தரத்திலேயே 300 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காத ரேஸிங் ஆயில்கள் கிடைக்கின்றன. ஒரு லிட்டர் வாங்கினால் முழுதாக மாற்றிவிடலாம். சீல் உடைக்காத டப்பாவாக இருக்கட்டும். போன வருடம் திறந்து மூடி வைத்த மிச்சம் வேண்டாம். டாட் 5 என்று சிலிக்கான் வகை ஒன்று உண்டு, அதை இதோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, அது பரவாயில்லை.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். எங்கள் பக்கத்து ஒர்க்ஷாப்பில் இது இப்படித்தான் நடக்கும். அண்ணன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் உள்ளே தெரியும் டியூப் ஒன்றை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டிருப்பார். டிரைவர் சீட்டில் நீங்கள்.

“நாலு தடவை மிதி தம்பி. ம்... அப்படியே பிடி.”

“பிடிச்சிருக்கேனுங்கண்ணா.”

“நான் சொல்ற வரைக்கும் காலை எடுத்துறாத.”

ஸ்பேனர் கால் சுற்று திரும்பும், பெடல் உங்கள் காலடியில் மெதுவாக இறங்கும், டியூபில் கட்டன் சாயா நிறத்தில் பழைய ஆயில் ஓடும். நிப்பிளை மூடியபின்தான் “விடு” என்பார். முன்னாலேயே காலை எடுத்தால் காற்று உள்ளே இழுத்துக்கொள்ளும், மறுபடி முதலில் இருந்து. டியூபில் தெளிந்த ஆயில் குமிழ் இல்லாமல் வரும் வரைக்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இதேதான். நடுநடுவே பானெட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும். சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

அடுத்தது பேடு. முழு ரேஸ் பேடு வாங்காதீர்கள். அது சூடானால்தான் பிடிக்கும். காலையில் குளிர்ந்த பேடோடு க.க.சாவடியில் பஸ் குறுக்கே வந்தால் பிடிக்காது. ரோட்டுக்கும் டிராக்குக்கும் பொதுவான நடுத்தர ரகம் கேட்டு வாங்குங்கள். புதுப் பேடைப் பழக்க வேண்டும்: அதிகாலை ஆளில்லாத ரோட்டில் 60-இல் இருந்து 10 வரை நடுத்தர அழுத்தத்தில் எட்டுப் பத்து தடவை, முழுதாக நிறுத்தாமல். பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். பேடின் பூச்சு டிஸ்க்கில் சீராகப் படிந்தால்தான் முழுப் பிடிப்பு வரும்.

டிராக்கில் பிரேக் சோர்வதை இரண்டு விதமாக அடையாளம் காணலாம். பெடல் கல் மாதிரி உறுதியாக இருக்கிறது, கருகல் வாடை வருகிறது, கார் மட்டும் மெதுவாகக் குறைகிறது என்றால் பேடு சூடு தாங்கவில்லை. பெடல் மெத்தென்று வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது என்றால் ஆயில் கொதிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டாவது மோசம். பெடலைப் பலமுறை குத்தி மிதித்து அழுத்தம் ஏற்றுங்கள், கியரைக் குறையுங்கள், வேகத்தை முழுதாக விட்டு ஓரமாக வந்து உள்ளே திரும்பிவிடுங்கள். ‘இன்னும் ஒரு சுற்று’ என்ற பேச்சே வேண்டாம்.

டயர்

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டியதை டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டாம், பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். வேகக் குறியீடு குறைந்தது ‘எச்’ ஆக இருக்கட்டும், அது 210 கிலோமீட்டருக்கானது. கம்பெனி அளவிலேயே நல்ல டயர் போட்டால் போதும்.

காற்றை நைட்ரஜன், சாதாரணம் என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். நம்பகமான ஒரு கேஜ் சொந்தமாக வாங்குங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது கதவுச் சட்டத்தில் எழுதியுள்ள அளவு வையுங்கள். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் அளந்தால் ஐந்து முதல் எட்டு பி.எஸ்.ஐ. வரை ஏறியிருக்கும், பங்குனி சித்திரை வெயிலில் இன்னும் கூட. ஏற்றம் அதிகமானால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், கார் மிதக்கும். சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கதவில் உள்ள அளவுக்கு மேல் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. இருக்குமாறு வையுங்கள். இறக்கியது அதிகமா குறைவா என்று தெரிந்துகொள்ள, டயரின் தோள்பகுதியில் சாக்பீஸால் குறுக்கே கோடு போடுங்கள். பட்டனின் விளிம்பில் உள்ள சிறு முக்கோணக் குறி வரைக்கும் கோடு அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்று ஏற்ற வேண்டும்.

முன் சக்கர இழுவைக் காரில் இடது வலது என்று முன் டயர்கள்தான் முதலில் சாகும். பின்னால் உள்ளவற்றோடு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

மற்றவை

எஞ்சின் ஆயிலை டிராக் டேக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். முழு சிந்தெடிக், கம்பெனி சொன்ன கிரேடு. அளவுகோலில் மேல் குறி வரைக்கும் இருக்கட்டும், தாண்ட வேண்டாம். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றை இழுக்கும், பேரிங் போய்விடும்.

ரேடியேட்டர் மூடியின் ரப்பரைப் பாருங்கள். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. ஹோஸ்களை விரலால் அமுக்கி வெடிப்பு தேடுங்கள். ஃபேன் சுற்றுகிறதா என்று நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு உறுதி செய்யுங்கள்.

காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் ஸ்டியரிங் முனை. லிங்க் ராடு, ஆர்ம் புஷ், ஷாக்கரில் ஆயில் கசிவு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். பாலக்காட்டுக் குழிரோடுகளில் ஓடிய வண்டியில் இவற்றில் ஏதாவது ஒன்று போயிருக்கும். மாற்றியபின் அலைன்மென்ட் செய்யுங்கள். கேம்பரை (சக்கரத்தின் சாய்வை) கூட்டுவது, உயர்தர ஷாக்கர் வாங்குவது எல்லாம் அடுத்த வருட வேலை.

பேட்டரியைப் பிடித்து ஆட்டினால் ஆடக் கூடாது. எங்கேயும் ஒரு சொட்டு ஆயில்கூடக் கசியக் கூடாது. உங்கள் கசிவில் பின்னால் வருகிறவர் வழுக்குவார். இழுவைக் கொக்கி எங்கே மாட்டுவது என்று வீட்டிலேயே ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். சில கார்களில் இடதுபுரி மரை இருக்கும்.

சக்கர நட்டை, முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள், காலால் மிதித்து முடுக்காதீர்கள். அளவு காருக்குக் கார் வேறு. போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். முதல் ஓட்டத்துக்குப்பின் ஆறியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஹெல்மெட் முழு முகம் மூடுவதாக இருக்கட்டும். பைக்குக்கான ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட்டைப் பல இடங்களில் ஏற்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். காருக்கென்றே உள்ள ஸ்நெல் எஸ்.ஏ. வகையில் உள்துணி தீயைத் தாங்கும். டிராக் ஓட்டம் பிடித்துப்போனால் அதை வாங்குங்கள். பருத்தி முழுக்கைச் சட்டை, பருத்திப் பேன்ட், மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ. நைலான் டி-ஷர்ட்டும் செருப்பும் கூடாது.

அன்றைக்கு

முந்தின நாளே டேங்கை நிரப்பி, தூங்கிவிடுங்கள். போகும் வழியில் க.க.சாவடியோ வாளையாறோ, நிதானமாக ஓட்டிப் போய் மதுக்கரையில் பைபாஸ் பிடித்தால் நகர நெரிசல் இல்லை. கையில் இருக்க வேண்டியவை: கேஜ், டார்க் ரெஞ்ச், மிச்சப் பிரேக் ஆயில், ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில், தண்ணீர் கேன், சாக்பீஸ், இரண்டு மரக்கட்டை. குடிக்கும் தண்ணீரை நினைப்பதைவிட இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய கண்ணாடிக்குள் ஹெல்மெட்டோடு வேர்ப்பது வேறு மாதிரி.

டிராக்கில் இறங்குமுன் காரைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கிச் சாமான், கதவுப் பையில் உள்ள பாட்டில், டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் சிலை எல்லாம் வெளியே. டிரைவர் பக்க மிதியடியைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், அது நழுவிப் பெடலுக்குள் சிக்கும். தீயணைப்பான் வைத்தால் திருகி மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டாம்.

சீட்டை வழக்கத்தைவிட முன்னால் தள்ளி, தோள் சாய்மானத்தில் ஒட்டியபடி மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படுமாறு வையுங்கள். கொடிகளைப் பற்றிக் காலைக் கூட்டத்தில் சொல்வார்கள்: மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே, நீலம் என்றால் பின்னால் வேகமானவர், வழிவிடு, சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது, நிதானமாக உள்ளே வா, மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் பாதை வழுக்குகிறது. காதில் வாங்கிக்கொண்டு, கொடிக்காரர்கள் நிற்கும் இடங்களை முதல் சுற்றிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏ.பி.எஸ்.ஸும் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.பி.யும் நாள் முழுக்க வேலை செய்யட்டும். அணைத்துவிட்டு ஓட்டுவதில் புதியவருக்கு எந்தப் பயனும் இல்லை.

பிரேக்கை நேராக இருக்கும்போதே முடித்துவிட்டுத் திரும்புங்கள். முன் சக்கரக் கார் வளைவில் வெளியே தள்ளினால் ஸ்டியரிங்கை இன்னும் திருப்பாமல் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விடுங்கள், பிடித்துக்கொள்ளும். ஆனி ஆடியில் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் தள்ளும், திடீரென்று சாரலும் அடிக்கும். நனைந்த பாதையில் தினமும் எல்லோரும் ஓட்டும் தடம்தான் அதிகம் வழுக்கும், ரப்பரும் ஆயிலும் அங்கேதான் படிந்திருக்கின்றன.

ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசிச் சுற்றையும் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் பேடு ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் பூச்சு அங்கே ஒட்டிவிடும், அப்புறம் பெடல் அதிரும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எஞ்சினையும் உடனே அணைக்காமல், டர்போ வண்டியாக இருந்தால் முக்கியமாக, ஓரிரு நிமிடம் ஓடவிட்டு பானெட்டைத் திறந்துவைக்கலாம்.

மத்தியானத்துக்கு மேல் களைப்பு தெரியாமல் ஏறும். கடைசி ஓட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால் ஒன்றும் குறைந்துவிடாது. புதியவர்கள் அதிகம் வெளியே போய் விழுவது அந்த நேரத்தில்தான்.

கிளம்புமுன் டயர் முழுக்க ஆறியிருக்கும். சூட்டில் இறக்கிய காற்று இப்போது மிகக் குறைவாக இருக்கும். மறக்காமல் கதவில் உள்ள அளவுக்கு ஏற்றுங்கள். ஸ்டெப்னியைத் திரும்ப வையுங்கள், நட்டை ஒரு தடவை பாருங்கள், பெடலை மிதித்து உறுதியாக நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். மெத்தென்று இருந்தால் அந்தக் காரை ரோட்டில் ஓட்டாதீர்கள், அங்கேயே மிச்ச ஆயிலை வைத்துப் பிரேக் குழாயில் உள்ள காற்றை எடுங்கள்.

மறுநாள் காலை சக்கரத்தைக் கழற்றிப் பேடின் கனத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். கூடவே காலைக் காற்றழுத்தம், சூட்டில் எவ்வளவு ஏறியது, எத்தனை லிட்டர் பெட்ரோல் போனது, எந்த வளைவில் கார் தள்ளியது என்பதையும். பேடு மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் அடுத்த தடவைக்கு முன் மாற்றுங்கள். கொதித்த அறிகுறி தெரிந்த பிரேக் ஆயிலை உடனே மாற்றுங்கள், தெரியாவிட்டாலும் ஓரிரு டிராக் டேக்கு ஒருமுறை. கேம்பரா, டயர் ரகமா, ஷாக்கரா என்று அடுத்த செலவை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.